வாய்ப் பூசணமும் பல்வைத்தியரும்

வாய் என்னுஞ் சொல்லும் வாயில் என்னுஞ் சொல்லும் உறவுடையன என்பது தமிழ் பயின்றார் அறிந்ததே. வீட்டிற்கு வாயில் எத்தகையதோ, உடம்பிற்கு வாய் அத்தகையது. உண்பனவும் பருகுவனவும் அவ்வழியே புகுகின்றன. அவற்றோடு கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்கள் பலவும் புகுந்து, சில அங்கேயே குடியிருக்கின்றன. அக்குடிகளுள் ஒன்றாகிய பூசணத்தைப் பற்றியும், அது வரம்பு கடந்து நோயாக மாறியவிடத்துப் பல்வைத்தியர் செய்யும் சிகிச்சையைப் பற்றியும் ஈண்டுச் சிறிது எழுதத் துணிந்தோம். பல்வைத்தியர் என்பார் சொத்தைப் பல்லைப் பிடுங்குவோர், பொய்ப்பல் கட்டுவோர் என்ற அளவிலேயே நம்மவர் அறிந்திருக்கின்றனர். நாக்கு, உதடு, கன்னத்தின் உட்புறம், அண்ணம் ஆகிய எல்லாம் அவர் கல்விக்கு உட்பட்டனவே என்பதைப் பலர் அறியார்.

நாம் மனத்துட்கொண்டு எழுதுவது நைனார்பாளையம் போன்ற ஊர்களில் வாழ்வாரை. சின்னசேலம் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் முன்னாளில் தென்னார்க்காடு ஜில்லாவிலும், 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்திலும் அடங்கியிருந்து, 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது அதனைச் சார்ந்தது. மாவட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே வந்தும், நாக்கில் வெண்மை படிந்தால் நம் மக்கள் செய்வது அதிகம் மாறவில்லை. கைக்குழந்தைக்காயின் மூத்த பெண்டிர் 'அக்கரம்' என்று பெயரிட்டு வீட்டு மருந்து தேடுவர். முதியோர்க்காயின் 'உடம்புச் சூடு' என்று சொல்லி இளநீரும் மோரும் கொடுப்பர். அதற்கும் அடங்காவிடின் மருந்துக்கடைக்குச் சென்று, வாய்ப்புண்ணுக்கு ஏதேனும் கொடுக்குமாறு கேட்பர். அங்குக் கிடைப்பது பெரும்பாலும் வைட்டமின் மாத்திரை. ஒரோவழி ஆன்டிபயாடிக் மாத்திரையும் கிடைக்கும். முன்னதால் பெரிய தீங்கில்லை. பின்னதோ எரிகின்ற நெருப்பில் நெய் வார்ப்பதாகும். அஃது ஏன் என்பதைச் சொல்லுமுன் பூசணம் இன்னதென்று அறிதல் வேண்டும்.

பூசணம் என்றவுடன் மழைக்காலத்து ஊறுகாய்ச் சாடியும் நனைந்த தோற்செருப்பும் நினைவுக்கு வரும். வாயில் வளர்வதும் அவ்வினத்ததே. ஆயினும் அது பொதுவாக ஈஸ்டு எனப்படும் நுண்மணி வடிவில் இருந்து, காலம் வாய்த்தபோது இழைவிட்டுத் தசையின் மேற்றோலுக்குள் இறங்குவது. கிரேக்க வைத்தியராகிய ஹிப்போக்ராட்டிஸின் பெயரால் வழங்கும் நூல்களிலேயே மெலிந்த நோயாளரின் வாயில் தோன்றும் இத்தகைய புண் பேசப்படுகிறது. எனினும் அவ்வெண்மை ஓர் உயிர் என்று அறியப்பட்டது வெகுகாலத்திற்குப் பின்னரே. 1839இல் லாங்கன்பெக் என்னும் ஜெர்மானியர் குடற்காய்ச்சலுற்ற ஒருவரின் வாய்ப்படலத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துப் பூசண இழைகளைக் கண்டார். 1923இல் பெர்க்ஹௌட் என்ற டச்சு அம்மையார் கேண்டிடா என்னும் பெயரை அதன் குடும்பத்திற்குச் சூட்டினார். அக்குடும்பத்துள் நம் வாயில் மிகுதியும் காணப்படுவது கேண்டிடா அல்பிகன்ஸ். இலத்தீன் மொழியில் முன்சொல்லுக்கும் வெண்மை என்பதே பொருள், பின்சொல்லுக்கும் வெண்மையாதல் என்பதே பொருளாம். நம் இலக்கண ஆசிரியர் கண்டால் ஒருபொருட்பன்மொழி என்று அமைதி கூறியிருப்பர்.

இப்பூசணம் நல்ல உடல்நலமுடையார் வாயிலும் உண்டு. பத்துப் பேரைச் சோதித்தால் மூன்று முதல் ஆறு பேர் வரை அதனைத் தாங்கியிருப்பர், ஒருவர்க்கும் நோயிராது. பயிர் நெருங்கி நிற்கும் வயலில் களை தலையெடுப்பதில்லை அல்லவா? அங்ஙனமே வாயில் வாழும் பற்பல பாக்டீரியாக்களும், இடைவிடாது ஊறி வாயைக் கழுவும் உமிழ்நீரும், இரத்தத்தின் காவற்படையும் இதனை ஒடுக்கி வைத்துள்ளன. ஆன்டிபயாடிக் மருந்து பாக்டீரியாக்களைக் கொல்லும், பூசணத்தைத் தீண்டாது. பயிரை அழித்துக் களைக்கு இடம் விட்டாற்போல் ஆகின்றது. கடையில் வாங்கிய அம்மாத்திரை நெய் வார்த்ததற்கு ஒப்பென்றது இது பற்றியே.

ஆகவே வாய்ப் பூசணம் வெளியிலிருந்து வந்த பகைவன் அன்று. வீட்டிலிருந்தவனே வரம்பு மீறினான். அவனை அடக்குதற்கு மருந்து உண்டு. ஆனால் அவன் மீறுதற்கு இடங்கொடுத்தது யாதென்று தேடாமல் மருந்து மட்டும் கொடுத்தால், மருந்து நின்ற சில வாரங்களில் மீண்டும் தலைகாட்டுவான். நல்ல பல்வைத்தியரின் சிகிச்சையில் செம்பாதிக்கு மேல் இத்தேடலே ஆகும்.

முதலில் அவர் கண்ணாற் பார்க்கிறார். தயிர் திரிந்தாற்போன்ற வெண்திட்டுகள் நாக்கிலும் கன்னத்திலும் ஒட்டியிருந்தால், சிறு துணிப்பஞ்சினால் மெல்லத் துடைப்பார். திட்டு பெயர்ந்து, அடியில் சிவந்த இடம் தெரிந்தால் பூசணம் என்பது பெரும்பாலும் உறுதி. கைக்குழந்தையின் நாக்கில் பால் படிந்த வெண்மையும் துடைத்தாற் போய்விடும். ஆயின் அதன் அடியில் நாக்கு செவ்வையாகவே இருக்கும். இவ்வேறுபாட்டை அறியாமல் விரலில் துணி சுற்றிக் குழந்தையின் நாவை அழுந்தத் தேய்ப்பது நம்மூர்களில் இன்றும் காணும் வழக்கம். பூசணப் படலத்தை அவ்வாறு தேய்த்தால் புண்ணாகும். குழந்தை பால் குடிக்க மறுக்கும். மேலும் குழந்தைக்கு மருந்திடும்போது தாயின் மார்புக்காம்பையும் கவனித்தல் வேண்டும். ஒருவரிடமிருந்து மற்றவர்க்கு அது திரும்பத் திரும்பச் செல்லும்.

வெண்மையே இல்லாமல் வருவதும் உண்டு என்பதைப் பலர் நம்பார். நாக்கின் மேலிருக்கும் சிறுமொட்டுகள் உதிர்ந்து, நாக்கு வழவழப்பாகச் சிவந்து எரியும். காரக்குழம்பு வாயில் வைக்க முடியாது; இரசங்கூட நெருப்பாய்த் தோன்றும். இதுவே முதியோர்க்குப் பெருந்துன்பம். எரிச்சலுக்கு அஞ்சி வெறுஞ்சோறும் மோருமாகக் காலம் தள்ளுவர். உணவு குறைய உடம்பு மெலியும். மெலிந்த உடம்பிற் பூசணம் மேலும் பெருகும். வீட்டாரோ 'வயதாகிவிட்டது, வாய் செத்துப்போயிற்று' என்று விட்டுவிடுவர். பதினான்கு நாள் சிகிச்சையில் மீளக்கூடிய ஒன்றுக்காக ஒருவர் மாதக்கணக்கில் பசித்திருப்பதை எண்ணும்போது மனம் வருந்துகின்றது. இதனை எழுதத் தூண்டியதும் அவ்வருத்தமே.

கண்ணுக்குத் தெரிவதில் ஐயம் இருந்தால், மழுங்கிய கரண்டியால் சிறிது சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் இட்டு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு நீரில் கரைத்து நுண்ணோக்கியில் நோக்குவர். வாயின் உயிரணுக்கள் கரைந்து போகப் பூசண இழைகள் மட்டும் எஞ்சி நிற்கும். வழக்கமான மருந்துக்கு அடங்காததாயின் கூழ்த்தட்டில் வளர்த்து இன்ன சாதி என்று பிரித்தறிவர். ஏனெனில் கேண்டிடாவின் எல்லாச் சாதியும் ஒரே மருந்துக்குக் கட்டுப்படுவன அல்ல.

பின்னர் வினாக்கள். அண்மையில் ஆன்டிபயாடிக் உண்டீரா? இரைப்பு நோய்க்கு இன்ஹேலர் இழுக்கிறீரா? இழுத்தபின் வாய் கொப்புளிக்கும் வழக்கம் உண்டா? அம்மருந்தில் ஸ்டீராய்டு இருக்குமாயின் அதன் ஒரு பகுதி தொண்டையிலும் அண்ணத்திலும் தங்கி அவ்விடத்துக் காவலைத் தளர்த்தும். ஒரு குவளை நீரால் கொப்புளித்துத் துப்புவதொன்றே அதற்குப் பெரிய தடுப்பு. மூட்டுவலிக்கென்று ஊர் பேர் தெரியாத பொடியோ மாத்திரையோ உண்பதுண்டா? இவ்வினாவை வைத்தியர் அழுத்திக் கேட்பதன் காரணம், அத்தகைய மருந்துகள் சிலவற்றில் சொல்லாமலே ஸ்டீராய்டு கலக்கப்படுவது கண்டறியப்பட்டிருத்தலே. வாய் எந்நேரமும் உலர்ந்திருக்கிறதா? இரவில் பலமுறை நீர் கழிக்க எழுகிறீரா? தாகம் மிகுதியோ?

கடைசி வினாக்கள் இரண்டும் நீரிழிவை நோக்கியவை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடையர் என்று மதிப்பிட்டது. அவருட் பலர் தமக்கு அந்நோய் உண்டென்பதை அறியாமலே உழுதும் அறுத்தும் வருகின்றனர். இரத்தத்திற் சர்க்கரை மிகும்போது உமிழ்நீரிலும் அது ஏறும், உமிழ்நீரும் குறையும், காவற்படையும் தளரும். பூசணத்திற்கு இவற்றினும் வேண்டுவது யாதுளது? பல்வைத்தியர் வாயைப் பார்த்துவிட்டு விரல் நுனியிற் குத்தி இரத்தம் எடுக்கச் சொன்னால், 'பல்லுக்கு வந்தவனிடம் இது என்ன?' என்று சிலர் முகஞ்சுளிக்கின்றனர். கால்விரல் அழுகியபின் தெரியவேண்டிய நோய் நாக்கிலேயே தெரிந்தது என்றால் அது பேறன்றோ?

இனிக் கட்டுப்பல்லைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் இதுவே முழுதும் பல்வைத்தியர்க்குரிய பகுதி. 1930களின் பிற்பகுதி தொட்டுக் கட்டுப்பல்லின் தளம் அக்ரிலிக் என்னும் பொருளாற் செய்யப்படுகிறது. பார்வைக்கு வழவழப்பாயினும் நுண்ணோக்கியில் அது துளைகளும் கீறல்களும் நிறைந்தது. அத்துளைகளிற் பூசணம் படலமாக ஒட்டிக்கொள்ளும். மேற்கட்டுப்பல் அண்ணத்தோடு இறுகப் பொருந்தியிருப்பதால் உமிழ்நீர் அங்குச் செல்லாது. இரவும் பகலும் கழற்றாதவர்க்கு அண்ணம் முழுதும் கட்டுப்பல்லின் வடிவிலேயே, அச்சுப் பதித்தாற்போலச் சிவந்திருக்கும். விந்தை யாதெனின், பெரும்பாலார்க்கு இதில் வலியே இல்லை. வேறொன்றுக்காக வந்தவிடத்துக் கழற்றச் சொன்னபோதுதான் தெரியவருகிறது.

இதற்கு அண்ணத்தில் மட்டும் மருந்து தடவினால் பயனில்லை. நோயின் இருப்பிடம் கட்டுப்பல்லே. ஆதலின் அதற்கும் சிகிச்சை செய்தல் வேண்டும். உறங்கும்போது கழற்றிவிட வேண்டும் என்பது முதல் விதி. சோப்பும் மென்மையான தூரிகையும் கொண்டு, பற்களைக் காட்டிலும் அண்ணத்தில் படியும் உட்புறத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். செங்கல்தூளும் சாம்பலும் ஆகா. அவை புதுக் கீறல்களை உண்டாக்கும். பின்னர்க் குளோர்ஹெக்சிடின் நீரிலோ, வைத்தியர் சொல்லும் அளவில் மிகவும் நீர்த்த சோடியம் ஹைபோகுளோரைட்டிலோ ஊறவைப்பர். உலோகக் கம்பி கலந்த கட்டுப்பல்லை இரண்டாவதில் இடலாகாது, உலோகம் அரிக்கப்படும். கொதிநீரிலும் போடலாகாது, வடிவம் கோணிவிடும். பூசண மருந்தைக் கட்டுப்பல்லின் உட்புறத்திலும் தடவி அணியச் சொல்வர். இவ்வளவு செய்தும், பொருத்தம் தளர்ந்து ஆடும் பழைய பல்லாயின், உட்புறத்தைப் புதுப்பிக்கவோ புதிதாகவே கட்டவோ வேண்டிவரும்.

கடைவாயில் வெடிப்பு உண்டாகி ஆறாமல் இருப்பதும் இதனோடு சேர்ந்ததே. கட்டுப்பல் தேய்ந்து உயரம் குறையும்போது மேல்வாயும் கீழ்வாயும் அளவுக்கு மீறி நெருங்கும். உதட்டோரம் மடிந்து உமிழ்நீர் அங்குத் தேங்கும். அவ்வீரத்திற் பூசணமும் பாக்டீரியாவும் கூடி வாழ்கின்றன. களிம்பு தற்காலிகமாக ஆற்றும். பல்லின் உயரத்தைச் சரிசெய்தால்தான் மடிப்பு நீங்கும். பல்லுள்ள இளையோர்க்கு இது வந்தால் இரும்புச்சத்தும் பி12 வைட்டமினும் குறைந்திருத்தல் கூடும் என்று இரத்தத்தைச் சோதிப்பர்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லாதிருக்க மனமில்லை. பதிவு பெறாத சிலர் ஊர்களிலும் சந்தைகளிலும் குறைந்த செலவிற் பல் கட்டுவதாகச் சொல்லி, அக்ரிலிக்கைக் குழைத்து அக்கம்பக்கத்துப் பற்களோடு கழற்ற முடியாதபடி ஒட்டிவிடுகின்றனர். 1948ஆம் ஆண்டுப் பல்வைத்தியர் சட்டம் வந்தபின்னும் இது ஒழியவில்லை. கழற்ற இயலாத அத்தகட்டின் அடியில் உணவும் பூசணமும் தங்கி ஈறும் எலும்பும் கெட, நல்ல பற்களும் ஆடத் தொடங்கும். குறைந்த செலவு என்பது அப்போது எத்துணைப் பெருஞ்செலவாகிறது என்பதை அதனை அறுத்து நீக்கும் பல்வைத்தியரைக் கேட்டால் தெரியும்.

மருந்துகளின் வரலாறு சுவையுடையது. நம் முன்னோர் வெங்காரத்தைப் பொரித்துத் தேனிற் குழைத்து வாய்ப்புண்ணிற் பூசினர். ஆங்கிலேயரின் மருந்து நூலிலும் வெங்காரத் தேன் இடம்பெற்றிருந்தது. வெங்காரம் குழந்தையின் வயிற்றுட் சென்றால் நஞ்சாகி வலிப்பையும் உண்டாக்கும் என்று தெரிந்தபின் அது கைவிடப்பட்டது. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேனும் ஆகாது. அடுத்து வந்தது ஜென்ஷன் வயலட் என்னும் ஊதாச்சாயம். விலை மிகக் குறைவு, வேலையும் செய்யும். ஆனால் வாய், உதடு, தலையணை யாவும் ஊதாவாகும். மிகுதியாயின் புண்ணும் படும். இன்று அதன் இடத்தைப் பிற மருந்துகள் பெரும்பாலும் கைப்பற்றிக்கொண்டன.

1940களில் பெனிசிலினும் அதனை யடுத்து வேறு ஆன்டிபயாடிக்குகளும் பரவின. பெனிசிலின் தானும் ஒரு பூசணத்தின் கொடையே. பூசணம் தந்த மருந்து பாக்டீரியாவை அழிக்க, வாயிலிருந்த வேறொரு பூசணம் அதனாற் பெருகியது! அதனை அடக்கும் மருந்தைத் தேடியவர்கள் நியூயார்க் மாகாணச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண்மணிகள். ஒருவர் நியூயார்க் நகரிலும் மற்றவர் ஆல்பனியிலும் இருந்தனர். ஹேசன் பலவிடத்து மண்ணைத் திரட்டி, அதில் வாழும் நுண்ணுயிர்களை வளர்த்து, பூசணத்தைக் கொல்லும் ஆற்றலுடையவற்றைத் தெரிந்து கண்ணாடிச் சாடியில் அடைத்துத் தபாலில் அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து மருந்துப்பொருளைப் பிரித்துத் தபாலிலேயே திருப்புவார். ஹேசன் மறுபடி சோதிப்பார். பிரிந்தவற்றுட் பல பூசணத்தோடு எலியையும் கொன்றன, அவை பயன்படவில்லை. முடிவில், வர்ஜீனியாவில் நண்பர் ஒருவரின் பால்பண்ணை மண்ணிலிருந்து கிடைத்த ஓர் உயிர் அவர்கள் தேடியதைத் தந்தது. 1950இல் அதனை உலகறியச் செய்தனர். நியூயார்க் மாகாணத்தின் பெயரால் நிஸ்டாட்டின் என்று பெயர் பெற்று 1954இல் அது விற்பனைக்கு வந்தது. அதனால் வந்த உரிமைப் பணம் 1 கோடியே 30 இலட்சம் டாலர் அளவிலாயிற்று. அவ்விருவரும் தமக்கென ஒன்றும் கொள்ளாமல் அனைத்தையும் அறிவியல் ஆராய்ச்சிக்கே விட்டனர்.

நிஸ்டாட்டினைத் தரும் அவ்வுயிர் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் இனத்தது. உழுத புழுதியில் முதல் மழை விழும்போது எழும் மண்வாசனைக்கும் அவ்வினமே முக்கிய காரணம். நம் நாட்டிலும் இத்தேடல் நடந்தது. புனேக்கு அருகே பிம்ப்ரியில் அமைந்த இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்னும் அரசு நிறுவனத்தில், பூசணவியல் அறிஞர் திருமலாச்சார் முதலியோர் அவ்வூர் மண்ணிலிருந்தே இவ்வினத்து உயிரொன்றைப் பிரித்து, 1960களில் ஹாமைசின் என்னும் மருந்தை ஆக்கினர். வாய்ப் பூசணத்திற்கு அது நம் வைத்தியரால் வழங்கப்பட்டது.

இவை எங்ஙனம் பூசணத்தை மட்டும் கொல்கின்றன? மண்சுவர் உறுதிபெற வைக்கோல் கலந்து பிசைவது போல, உயிரணுவின் சவ்வு உறுதிபெற ஒரு கொழுப்புப்பொருள் கலந்திருக்கிறது. நம் உயிரணுக்களில் அது கொலஸ்டிரால், பூசணத்தில் எர்கோஸ்டிரால். நிஸ்டாட்டின் எர்கோஸ்டிராலைப் பற்றிக்கொண்டு சுவரிற் பொத்தலிடும். உள்ளிருப்பன ஒழுகிப் பூசணம் மடியும். 1960களின் இறுதியில் ஜெர்மனியிற் செய்யப்பட்ட குளோட்ரிமசோலும், பின்வந்த புளூகோனசோலும் வேறு வழியில் வேலை செய்வன. அவை எர்கோஸ்டிரால் உண்டாவதையே தடுத்து, வைக்கோலின்றிச் சுவரெழுப்பச் செய்து தளர்த்துகின்றன.

நிஸ்டாட்டின் குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்திற் சேர்வதில்லை. ஆதலின் அது பட்ட இடத்தில் மட்டுமே வேலை செய்யும். பெரியோர்க்கு 4 முதல் 6 மில்லிலிட்டர் வரை நாளைக்கு நான்கு முறை என்பது வழக்கமான அளவு. வாயில் இட்டு, எல்லாப் பக்கமும் படும்படி இயன்றவரை நேரம் கொப்புளித்து வைத்திருந்து விழுங்குதல் வேண்டும். கட்டுப்பல் இருந்தால் முதலிற் கழற்றிவிட வேண்டும். அரைமணி நேரம் ஒன்றும் உண்ணலாகாது. காப்பி குடிப்பது போல ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு 'மருந்து கேட்கவில்லை' என்பார்க்கு மருந்து என்ன செய்யும்? குளோர்ஹெக்சிடின் வாய்நீரை அதனோடு சேர்த்தாற்போல் கொப்புளிப்பதும் தவறு. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். இடையே நல்ல இடைவெளி வேண்டும். குளோட்ரிமசோல் பூச்சாகவும், சப்பும் மாத்திரையாகவும் கிடைக்கிறது. இத்தகைய நீர்மருந்திலும் சப்புமாத்திரையிலும் சுவைக்காகச் சர்க்கரை சேர்ப்பதுண்டு. வாய் உலர்ந்தவர் நெடுநாள் கொள்ள நேர்ந்தால் பற்சொத்தைக்கு அது வழியாகும் என்பதைப் பல்வைத்தியரே நினைவிற்கொள்வர்.

வெளிமருந்துக்கு அடங்காதபோதும், உடலின் காவல் மிகத் தளர்ந்திருக்கும்போதும் புளூகோனசோல் மாத்திரை தருவர். 7 முதல் 14 நாள் வரை நாளைக்கொரு வேளை. எளிதாயிருப்பதால் இதனைத் தாமே கடையில் வாங்கி உண்போர் பலர். இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். நீரிழிவுக்குக் கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு போன்ற மாத்திரை உண்பவர் இதனையும் உண்டால் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரலாம். இருதய நோய்க்கு வார்பரின் உண்பவர்க்கு இரத்தக்கசிவு உண்டாகலாம். மைகோனசோல் என்னும் வாய்க்களிம்பும் வார்பரினோடு அவ்வாறே பகைக்கும். கருவுற்ற பெண்டிர்க்கு இம்மாத்திரை ஆகாது. வாயில் வெண்மை தெரிந்த நீரிழிவுக்காரர், அவ்வெண்மைக்காக வாங்கிய மாத்திரையாலேயே வயல்வரப்பில் மயங்கி விழக்கூடும் என்பதை நினைத்தால், சீட்டின்றி மருந்து வாங்கும் பழக்கத்தின் கொடுமை விளங்கும். அன்றியும், அரைகுறையாக மாத்திரை உண்பதால் அடங்காத பூசணச் சாதிகள் தழைக்க இடமுண்டாகும்.

எல்லா வெண்மையும் பூசணம் அன்று. துடைத்தால் பெயராத வெண்திட்டு, அதிலும் வெற்றிலையோடு புகையிலை அடக்குவோர்க்கும் பீடி குடிப்போர்க்கும் கடைவாயின் உட்புறத்தில் தடித்துத் தோன்றுவது, தனிவகை. அதிற் பூசணமும் வேரூன்றியிருக்கலாம்; பின்னாளில் புற்றாகும் மாற்றமும் தொடங்கியிருக்கலாம். பூசண மருந்து கொடுத்து இரண்டு வாரத்திற்குப் பின்னும் மாறாத திட்டிலிருந்து அணுவளவு தசை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது பல்வைத்தியரின் கடமை. 'கத்தி வைத்தால் புற்று பரவும்' என்ற அச்சம் நம்மூர்களில் வேரூன்றியுள்ளது. அவ்வச்சத்தால் சோதனைக்கு மறுத்துச் சென்று, ஓராண்டு கழித்து வாய் திறக்க இயலாத நிலையில் வருவோர்க்குச் செய்யக்கூடியது குறைவு.

சென்னையில் 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றாளரைக் கண்டறிந்தனர். அதன்பின் வந்த ஆண்டுகளில் இளம் வயதினரின் வாயில் காரணமின்றிப் படர்ந்த வெண்பூசணம் அந்நோயின் முற்குறிகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது. 2004 ஏப்ரலில் அரசு இலவச மருந்தைத் தொடங்கியபோது தாம்பரம் மருத்துவமனை முதல் நிலையங்களுள் ஒன்றாயிருந்தது. அம்மருந்தை ஒழுங்காக உண்பார்க்கு வாய்ப்பூசணமும் பெரும்பாலும் தானே ஒழிகின்றது. எனவே காரணமறியாத பூசணத்திற்கு இச்சோதனையையும் வைத்தியர் கேட்டல் இயல்பு. அதில் இழிவு ஒன்றும் இல்லை.

2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது மக்கள் நடுங்கிய 'கருப்புப் பூஞ்சை' இதுவரை கூறியதனின் வேறானது. பெயரிலும் ஒரு பிழையுண்டு. அப்பூசணம் கருப்பன்று. மியூகர் என்னும் அவ்வினம் இரத்தக்குழாய்களுக்குட் புகுந்து அடைப்பதால், இரத்தமின்றி இறந்த தசையே கருக்கின்றது. அடங்காத நீரிழிவும் அளவுகடந்த ஸ்டீராய்டும் சேர்ந்தவிடத்தில் அது மூக்கின் வழியே மேல்தாடையிற் புகுந்தது. தமிழ்நாட்டு அரசு அவ்வாண்டு மே மாதத்தில் அதனை அறிவிக்கவேண்டிய நோயாக ஆணையிட்டது. ஜூன் இறுதிக்குள் இந்தியாவில் 40,000க்கு மேற்பட்டோர் அதற்கு ஆளாயினர். மேற்பற்கள் பல ஒருங்கே ஆடுதல், கன்னம் மரத்தல், அண்ணம் கருத்தல் ஆகிய குறிகளோடு சிலர் முதலிற் சென்றது பல்வைத்தியரிடமே. அவற்றைச் சொத்தைப்பல் என்று கருதிப் பிடுங்கி அனுப்பாமல் உடனே பெரிய மருத்துவமனைக்கு விடுத்தவர்கள் உயிர்களைக் காத்தனர். ஆம்போடெரிசின் என்னும் மருந்தை நாளம் வழியே ஏற்றிச் சிறுநீரகம் கெடாதபடி காத்து, இறந்த எலும்பையும் தசையையும் அறுத்து நீக்குவதே சிகிச்சை. அண்ணத்தில் துளை விழுந்தார்க்கு உண்ட சோறு மூக்கில் ஏறும், பேச்சும் தெளியாது. அத்துளையை மூடும் தட்டைப் பற்களோடு செய்து பொருத்தி, அவரை மறுபடி உண்ணவும் பேசவும் வைத்தவர்கள் கட்டுப்பல் வல்லுநர்களே. அத்தட்டும் பெரும்பாலும் அக்ரிலிக்கே ஆதலால், மேலே கட்டுப்பல்லுக்குக் கூறிய தூய்மை அதற்கும் வேண்டும்.

கள்ளக்குறிச்சியில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபின் நம் பக்கத்தார் பெருநோய்க்கு நெடுந்தொலைவு செல்லவேண்டிய துன்பம் குறைந்துள்ளது. தசைச்சோதனையும் அறுவையும் வேண்டியார்க்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரிற் பல்மருத்துவக் கல்லூரியும் உண்டு. எங்குச் செல்லினும், உண்டுவரும் மாத்திரைகளின் அட்டைகளையும், இன்ஹேலர் இருந்தால் அதனையும், பழைய சீட்டுகளையும் ஒரு பையில் இட்டுக்கொண்டு செல்லல் நலம். பெயர் நினைவில்லாவிடினும் அட்டையைக் கண்டு வைத்தியர் அறிந்துகொள்வர். கட்டுப்பல் அணிந்தவர் அதனை வீட்டில் வைத்துவிட்டுப் போகலாகாது. வாயைப் பார்ப்பது போலவே அதனையும் அவர் பார்க்கவேண்டும். புறப்படுமுன் நாவை வழித்துத் தேய்த்துச் சுத்தம் செய்துகொண்டு செல்வதும் வேண்டா; அவர் காணவேண்டிய படலம் அதனோடு போய்விடும்.